இரண்டு பேருக்கு ஒரே டி.எஸ்.எல்.ஆர்: முதல் கேமராவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேமரா வந்த முதல் வாரம் முழுக்க, லென்ஸில் ஏதோ கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளையில்) பார்த்துவிட்டு, "நல்லாத்தானே தெரியுது" என்பார். கையில் வாங்கி நான் பார்த்தால் எல்லாமே பனிமூட்டம். கையால் ஃபோகஸ் செய்யும் எம்.எஃப்.புக்கு மாற்றி, வளையத்தைத் திருகி, எனக்குத் தெளிவாகத் தெரியும்போது எடுப்பேன். கணினியில் போட்டால் அவர் எடுத்தவை பளிச்சென்று இருக்கும், என்னுடையவை மங்கல். லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. வியூஃபைண்டர் பக்கத்தில், பார்ப்பவரின் கண் பவருக்கு ஏற்பத் தெளிவைச் சரிசெய்யும் டயாப்டர் சக்கரம் அவர் கண்ணுக்கு வைத்தபடியே இருந்திருக்கிறது.

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மெகாபிக்சல் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஜோடிக் கண்ணுக்கும் கைக்கும் பொருந்துகிறதா என்பதில்தான் தேர்வு தொடங்க வேண்டும்.

1. இருவரும் கையில் பிடித்துப் பாருங்கள்

வாங்கப் போகும்போது ஒருவர் மட்டும் போகாதீர்கள். லென்ஸ் மாட்டிய கேமராவை ஆளுக்கு ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். நிகான் டி3500 பேட்டரி, கார்டு சேர்த்து 415 கிராம்; கேனான் 80டி 730 கிராம். எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம், கழுத்தில் மாட்டி அரைநாள் நடந்தால் பெரிது. பெரிய கைக்கு வேறு பிரச்சினை: சின்ன கிரிப்பில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் சின்னக் கை சொல்வதைக் கேளுங்கள். சுண்டுவிரல் வெளியே நிற்பதைப் பழகிக்கொள்ளலாம். ஷட்டர் பட்டனுக்கு விரல் எட்டாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

2. வியூஃபைண்டர்

இதில் அவசரப்படாதீர்கள். டயாப்டரைச் சரிசெய்யும் முறை இதுதான்:

லென்ஸ் வழியாக ஒரு வெறும் சுவரைப் பாருங்கள். சுவரையோ அதிலுள்ள எதையுமோ கவனிக்க வேண்டாம். உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகளையும் கீழே ஓடும் எண்களையும் மட்டும் பாருங்கள். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் எண்கள் ஒளிரும். அவை கூர்மையாகும்வரை சக்கரத்தைத் திருப்புங்கள். அவ்வளவுதான். நான் முதலில் தூரத்து மரத்தைப் பார்த்துத் திருப்பினேன். அப்போது ஃபோகஸ் தவறா, டயாப்டர் தவறா என்று பிரித்தறிய வழியே இல்லை.

ஒன்றை நினைவில் வையுங்கள்: சக்கரம் மாறியிருந்தால் பார்ப்பதற்குத்தான் மங்கலாக இருக்கும், ஆட்டோஃபோகஸில் எடுக்கும் படம் கெடாது. கண்ணை நம்பிக் கையால் ஃபோகஸ் செய்யும்போதுதான் படம் போகும்.

சரி, ஆளுக்கு ஆள் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டுமா? நாங்கள் முதலில் நகப்பூச்சில் இரண்டு புள்ளி வைத்தோம்: சிவப்பு எனக்கு, வெள்ளை அவருக்கு. அதைவிட நல்ல வழி, கண்ணாடி போடுகிறவர் அதைக் கழற்றாமலே பார்ப்பது. தூரப்பார்வைக்கான கண்ணாடியோடு பார்த்தால் எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே நிலை போதும்.

அதற்கு ஐபாயிண்ட் அதிகமுள்ள கேமரா வேண்டும். கண்ணை அதிகபட்சம் எவ்வளவு தள்ளி வைத்தாலும் படச்சட்டம் முழுதாகத் தெரியுமோ, அந்தத் தூரம் அது. டி3500-இல் 18 மி.மீ., 80டி-யில் 22 மி.மீ. இந்த 4 மி.மீ.க்காகவே நான் 80டி-யைச் சொல்வேன். கண்ணாடியோடு பார்க்கும்போது நான்கு மூலையும் தெரிகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

3. செட்டிங்ஸ் சண்டை

அவர் இரவில் ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400-இல் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். நான் காலையில் வெயிலில் அதே அளவில் எடுத்துக்கொண்டிருப்பேன். 80டி-யின் டயலில் சி1, சி2 என்றும், நிகான் டி7500-இல் யு1, யு2 என்றும் இரண்டு இடம் உண்டு. ஆளுக்கு ஒன்றில் தங்களுக்குப் பிடித்த அமைப்பைப் பதிந்துகொள்ளலாம். கேனானில் அதே மெனுவில் தானாகப் புதுப்பிக்கும் வசதி ஒன்று இருக்கும். அது அணைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் அப்போதைக்கு மாற்றியதும் பதிந்துவிடும். டி3500 போன்ற தொடக்கநிலை கேமராக்களில் இந்த வசதி இல்லை. அதில் கைமாற்றும் முன் ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, எக்ஸ்போஷர் ஈடு (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பூஜ்யம், லென்ஸ் ஏ.எஃப். (ஆட்டோஃபோகஸ்) என்று மூன்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மெமரி கார்டு ஆளுக்கு ஒன்று.

4. லென்ஸ்

கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் தொடங்கப் போதும். அடுத்து, நிகானில் 35 மி.மீ. எஃப் 1.8, கேனானில் 50 மி.மீ. எஃப் 1.8. வீட்டுக்குள் எடுக்க 50 கொஞ்சம் நெருக்கம்தான். பெரிய ஜூம் இப்போது வேண்டாம். இருவரில் ஒருவர்தான் அதைத் தூக்குவார்.

நிகானின் டி3000, டி5000 வரிசை உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று போட்ட லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் ஆகும் (ஏஎஃப்-பி இந்த வரிசைகளின் பழைய மாடல்களில் ஆகாது). பழைய ஏஎஃப்-டி லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். கேனானின் இஎஃப் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

பிற்சேர்க்கை: சிலிண்டர் பவர் உள்ள ஒரு வாசகி, சக்கரத்தைக் கடைசிவரை திருப்பியும் தெளியவில்லை என்று எழுதியிருந்தார். டயாப்டர் கிட்ட, எட்டப் பார்வையை மட்டும்தான் ஈடுகட்டும், சிலிண்டரை ஈடுகட்டாது. அவர் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: இடது கண்ணால் பார்ப்பவருக்கு மூக்கு தொடுதிரையில் பட்டு ஃபோகஸ் புள்ளி தாவுவதாக வேறொருவர் கேட்டிருந்தார். சில கேமராக்களில் அப்படி நடக்கும். மெனுவில் தொடுதிரையை அணைத்துவிடலாம். திரை விரிந்து மடங்கும் மாடலாக இருந்தால், திரையின் முகம் கேமராப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து வைத்துவிடுங்கள். மூக்கின் எண்ணெய்க் கறையும் திரையில் படியாது.