பேயில் தடுக்குவதில்லை, சீதன வீட்டில்தான் தடுக்குகிறோம்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரே நாவல் இரண்டு பெயரில் இருக்கிறது. முதலில் வாங்கியது 'அவுட்லாண்டர்'. ஒன்றிரண்டு வருடம் கழித்து, பழைய புத்தகக் கடையொன்றில் அதே டயானா கபல்டனின் 'கிறொஸ் ஸ்டிச்' கண்ணில் பட்டது. அட, இந்தப் பாகம் என்னிடம் இல்லையே என்று விலைகூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பாலம் தாண்டுவதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. அமெரிக்காவில் 1991இல் வந்த முதல் பாகத்தையே பிரித்தானியாவில் வேறு பெயரில் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாட்டுப் பதிப்பும் கலந்து வருகிற நம் கடைகளில் இப்படி ஏமாறுவது மிகவும் சுலபம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கப் பதிப்பில் கதை 1945இல் தொடங்கும், பிரித்தானியப் பதிப்பில் 1946இல். அச்சுப்பிழை என்று நினைத்துப் பென்சிலால் திருத்தியே விட்டேன். பிழை இல்லையாம், வேண்டுமென்றே மாற்றியதாம். அட்டையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பதிப்பு விவரம் போட்ட பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். முன்பு வேறு பெயரில் வந்த புத்தகமென்றால் பெரும்பாலும் அங்கே சொல்லியிருக்கும்.

பழைய காலம், அமானுஷ்யம், காதல் மூன்றையும் கலந்து பாகம் பாகமாக வருகிற இந்த மாதிரிக் கதைகளை நான் பல வருடமாக வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் சொந்தக்காரர் கைக்கும் போகும். கல்முனையில் ஒரு மச்சாள், ஆரையம்பதியில் ஒரு சின்னம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். யார் எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே எனக்கு இது பழகிவிட்டது.

பாகம் பார்க்காமல் தொடங்குவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. இந்தத் தொடர்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் ஒரே சோடி முதல் பாகத்திலிருந்து கடைசி வரை வரும். மற்றதில் ஒரு குடும்பத்து அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று பாகத்துக்கு ஒருவருக்குக் கல்யாணம் நடக்கும். இரண்டாவது சாதியை மூன்றாம் பாகத்தில் தொடங்கினாலும் பெரிய நட்டமில்லை, யார் யாரைக் கட்டினார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், அவ்வளவுதான். முதல் சாதியில் அப்படிச் செய்தால் கதையே கெட்டுப்போகும்.

வரிசை என்றால் வெளிவந்த வரிசை. கதை நடக்கும் ஆண்டை வைத்து அடுக்கக் கூடாது. எழுத்தாளர் எந்த இரகசியத்தை எப்போது அவிழ்க்கிறார் என்பது வெளியான வரிசையில்தான் இருக்கிறது. அவுட்லாண்டரில் லார்ட் ஜோன் என்றொரு பாத்திரத்துக்குத் தனிப் புத்தகங்கள் உண்டு. அவற்றின் சம்பவங்கள் பெரும்பாலும் 1750களின் பிற்பகுதியில் நடப்பவை. அந்தக் காலம் மூன்றாம் பாகத்தின் வயிற்றுக்குள் விழுகிறது. ஆண்டுக் கணக்குப் பார்த்து வாசிக்கிறேன் என்று நின்றால் மூன்றாம் பாகத்தைப் பாதியில் மூடிவிட்டு இதை எடுக்க வேண்டும். மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டு எடுங்கள், போதும்.

எட்டாம் பாகம் வந்தது 2014இல், ஒன்பதாம் பாகம் 2021இல். ஏழு வருட இடைவெளியில் பாதிப் பெயர் மறந்துவிடும். புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் நான் உறவுமுறை எழுதிவைப்பேன், தமிழில். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று வந்தால் அவர் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று தேடிப் பார்த்து எழுதுவேன். அப்படித் தேடும்போதே யாருக்கு யார்மேல் என்ன உரிமை என்பது பிடிபட்டுவிடும்.

மொழிக்குப் பயந்து விடுகிறவர்களும் உண்டு. ஸ்கொட்லாந்துப் பேச்சில் 'கென்' என்றால் தெரியும், 'டின்னா' என்றால் வேண்டாம், இல்லை என்கிற மாதிரி. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி எடுத்தால் பத்துப் பக்கத்தில் களைத்துவிடுவீர்கள். சென்னையிலிருந்து வந்த ஒருவர் நம் வீட்டு முற்றத்தில் இருந்து கதை கேட்கிறார் என்று வையுங்கள். 'மறுகா' என்ற சொல் முதல் தரம் வரும்போது முழிப்பார், மூன்றாம் தரம் வரும்போது 'பிறகு' என்று தானாகவே விளங்கிக்கொள்வார். அதே மாதிரித்தான் இதுவும்.

சரி, பேய்க்கு வருவோம். இந்தப் பகுதியில்தான் எல்லோரும் திணறுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. பறுவ நிலவில் வாவியில் மீன் பாடும் என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. வெளியூரார் இங்கே வந்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மட்டக்களப்பின் மந்திரத்துக்கு ஒரு பெயரே உண்டு. அவுட்லாண்டரின் நாயகி கல்லுக்குள் புகுந்து இருநூறு வருடம் பின்னால் போகிறாள் என்றால் என் சின்னம்மா "ஓம், பிறகு?" என்று அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

ஆனால் பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபேரி' என்று வந்தவுடன் மனதுக்குள் 'தேவதை' என்று போட்டுக்கொள்கிறோம். வெள்ளைச் சட்டை, சிறகு, மந்திரக்கோல். ஸ்கொட்லாந்துக் கிராமத்து நம்பிக்கையில் அவை குழந்தையைத் திருடி வேறொன்றைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் போகிறவை. 'நல்ல அயலவர்' என்று அவற்றைச் சொன்னது அன்பினால் இல்லை, பெயரைச் சொல்லப் பயந்து. நாம் ஏன் 'நல்ல பாம்பு' என்கிறோம்? வாவிப் பாட்டைக் கேட்ட காரைதீவு விபுலாநந்த அடிகள் அதை நீரரமகளிரின், அதாவது நீரில் வாழும் தெய்வப் பெண்களின், பாட்டாகக் கற்பனை செய்து பாடினார். அந்த இனிமையை மனதில் வைத்துக்கொண்டு ஸ்கொட்லாந்து ஏரிக்கரைக்குப் போனால் ஏமாந்துபோவீர்கள். அங்கே தண்ணீரில் இருக்கும் 'கெல்பி' குதிரை வடிவில் கரைக்கு வரும், முதுகில் ஏற்றும், அப்படியே கொண்டுபோய் அமிழ்த்திவிடும்.

இன்னொன்று, ஒரு தொடரின் பேய்ச் சட்டத்தை இன்னொன்றில் தேடுவது. இரத்தக் காட்டேரி வெயிலில் நிற்கிறதே, எழுத்தாளருக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு பிள்ளை என்னிடம் முறைப்பட்டது. 1897இல் வந்த டிராகுலா நாவலில் டிராகுலா பகலில் நடமாடும், சக்தி குறைந்திருக்கும், அவ்வளவுதான். வெயில் பட்டால் அழியும் என்பதைப் பரப்பியது 1922இல் வந்த நொஸ்பராட்டு என்ற ஜெர்மன் ஊமைப்படம். ஆகவே சட்டம் கதைக்குக் கதை மாறும். தன் சட்டத்தைத் தானே நடுவில் மீறினால் மட்டும் எழுத்தாளருடன் கோபியுங்கள்.

இனி நம்மவர்கள் உண்மையாகவே தடுக்கி விழும் இடம். போன வருடம் மச்சாளுக்கு ஒரு தொடர் கொடுத்தேன். 1810களின் லண்டன், பேயுலாவும் மாளிகை, கொடுமைக்காரக் கணவன். நாற்பதாம் பக்கத்தில் போன் எடுத்தாள்.

"ஏன்கா, இவள் கோவிச்சிட்டு அவட வீட்டுக்குப் போகலாம்தானே? பேயிருக்கிற வீட்டில என்னத்துக்கு இருக்கிறாள்?"

"அவளுக்கு வீடில்லை மச்சாள்."

"சீதனமா ஒண்டும் குடுக்கல்லையா?"

"குடுத்தது. அது அவனுக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மச்சாள் இருக்கும் வீடு அவளுடைய வீடு. அவளுக்கு அம்மா எழுதிக் கொடுத்தது, அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தது. மச்சான்தான் கல்யாணம் கட்டி அங்கே வந்தவர். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை, தமிழரிலும் முஸ்லிம்களிலும், குடி என்ற குலம் தாய்வழியாக வருவதும் வீடு மகளுக்குப் போவதும் நமக்குப் புதினமில்லை. அந்தக் கண்ணோடு ஆங்கிலச் சரித்திரக் காதல் கதையை வாசித்தால் நாயகி சும்மா அழுதுகொண்டிருக்கிற மடைச்சி மாதிரித் தெரிவாள்.

அவள் மடைச்சியில்லை. அந்தக் கால இங்கிலாந்துச் சட்டத்தில், கல்யாணமானதும் பெண்ணின் காசும் நகையும் கணவனுடையதாகிவிடும். அவளது காணியையும் அவன்தான் ஆளுவான். இதை முழுதாக மாற்றிய சட்டம் 1882இல்தான் வந்தது. பிள்ளைகளும் தகப்பனுக்கே. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்கத் தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்பதே 1839க்குப் பிறகுதான். 1857க்கு முன்பு முழு விவாகரத்து வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வேண்டும், அதற்குப் பெரும் பணம் வேண்டும். தகப்பன் இறந்தால் காணியும் மாளிகையும் மூத்த மகனுக்கு, மகன் இல்லையென்றால், ஆண்வழிக்கு மட்டும் என்று எழுதிவைத்த சொத்து எங்கோ இருக்கும் ஒரு தூரத்து ஆண் உறவுக்கு. பேயிருக்கும் வீட்டைவிட்டு அவள் வெளியே வரவில்லையென்றால் காரணம் பேயில்லை. இதைச் சொன்ன பிறகு மச்சாள் இரண்டு நாளில் புத்தகத்தை முடித்துவிட்டாள்.

கல்யாண முறையும் இப்படித்தான். 'கஸின்' என்ற ஒரு சொல்லுக்குள் நம் மச்சானும் இருப்பார், ஒன்றுவிட்ட அண்ணனும் இருப்பார். அவர்களுக்குள் அந்த வித்தியாசம் கிடையாது, இருவரையும் கட்டலாம். சித்தப்பா மகனைக் கட்டுகிறாளே என்று முகம் சுளிப்பது நம் முறை. அவர்கள் சுளிக்கும் இடம் வேறு. மனைவி இறந்தால் அவளுடைய தங்கையைக் கட்டுவது நம் பக்கம் பிள்ளைகளை நினைத்துப் பெரியவர்களே பேசி முடிக்கும் விஷயம். இங்கிலாந்தில் 1835 தொடக்கம் 1907 வரை அது செல்லாத கல்யாணம். விக்டோரியா காலக் கதையில் ஒருவன் இறந்த மனைவியின் தங்கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் அதன் கனம் இதுதான். சோடி ஏன் இராத்திரியில் வண்டி பிடித்து ஸ்கொட்லாந்து எல்லைக்கு ஓடுகிறது என்றால், 1754இலிருந்து இங்கிலாந்தில் 21 வயதுக்குக் குறைந்தவர் அனுமதிப் பத்திரம் எடுத்துக் கட்டத் தகப்பன் சம்மதம் வேண்டும். எல்லை தாண்டினால் வேண்டாம்.

திகதிகளை நம்பித் தலையைப் பிய்ப்பதும் வேண்டாத வேலை. பிரித்தானியாவில் 1752 செப்டெம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14. நாட்காட்டியை மாற்றியதில் 11 நாள் காணாமல் போனது. அதற்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல், ஸ்கொட்லாந்திலோ 1600இலிருந்தே ஜனவரி 1. எல்லைக்கு இரு பக்கமும் ஒரே கிழமையில் எழுதிய கடிதங்களில் வேறு வேறு ஆண்டு இருக்கலாம்.

அதற்காகக் கதையைச் சரித்திரப் பாடமாக எடுக்கவும் கூடாது. 1743இல் சூனியக்காரி என்று ஒருத்தியை எரிக்கக் கொண்டுபோகும் காட்சி அவுட்லாண்டரில் வரும். சூனியத்துக்கு மரணதண்டனை என்பதை பிரித்தானியா 1735ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எடுத்துவிட்டது. அதே புத்தகங்களில் வரும், ஸ்கொட்லாந்தில் நடந்த கலோடன் போர், 1746 ஏப்ரல் 16, ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது, அது சரியான சரித்திரம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சந்தேகமென்றால் தேடிப் பாருங்கள், புத்தகத்தை எறிய வேண்டாம்.

ஆண்டு மனதில் நிற்க எனக்கு ஒரு வழி உண்டு. அப்போது இங்கே யார் என்று கேட்பேன். 1743 என்றால் புளியந்தீவுக் கோட்டையில் ஒல்லாந்தர். வாட்டர்லூ போர் நடந்த 1815 என்றால் அதே வருடம் மார்ச்சில்தான் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்த லண்டன் மாளிகையில் அவர்கள் குடிக்கும் தேநீர் நம் மலையகத்துத் தேயிலை என்று நான் வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867இல். அது சீனத்துத் தேயிலை.

காதலுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. வைகாசியில் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்த நமக்குக் கடைசியில் எரிந்தால்தான் கதை. இவற்றில் பெரும்பாலும் சோடி சேர்ந்துவிடும், அது எழுதாத ஒப்பந்தம். சேருவார்களா என்று பதைபதைத்துக் கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது வீண்.

ஆனால் கைமாற்றும்போது கவனம் வேண்டும். அட்டையில் பூவும் வாளும் இருக்கும், உள்ளே வன்புணர்வும் சித்திரவதையும் விரிவாக வரும் தொடர்கள் உண்டு, அவுட்லாண்டரும் அதில் ஒன்று. கடதாசி உறை போட்டு அட்டையை மறைத்தால் மட்டும் சரிவராது. ஏ.எல். படிக்கும் பிள்ளை கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன், அல்லது இப்போது வேண்டாம் என்பேன்.

அந்த இரண்டாவது பிரதி என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாமி, ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர், பூத்தையலில் கெட்டிக்காரி. போன மாதம் வந்தவர் 'கிறொஸ் ஸ்டிச்' என்ற பெயரைக் கண்டு தையல் புத்தகமென்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் மறந்துவிட்டேன். முந்தாநாள் போன் எடுத்து, தையலில் ஒரு வரிகூட அதில் இல்லை என்று ஏசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, இரண்டாம் பாகம் வைத்திருக்கிறாயா என்று கேட்டார்.