கொல்லைப்புற அக்வாபோனிக்ஸ்: முதல் வருஷத்தில் தெரியாத தவறுகள்

மீன் தொட்டித் தண்ணீரைச் செடித் தொட்டி வழியாகச் சுற்றவிட்டு, மீன் கழிவையே செடிக்கு உரமாக்குகிற முறைதான் அக்வாபோனிக்ஸ். புதிதாக இந்தத் தொட்டி போட்டவர்கள் போன் செய்யும்போது முதல் இரண்டு வரியிலேயே பிரச்சினை என்னவென்று தெரிந்துவிடுகிறது. நாங்கள் ஆரம்பித்த காலத்தில் பட்டதையே இவர்களும் வரிசை மாறாமல் படுகிறார்கள். குளோரின் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, பூச்சிமருந்து அடித்தால் மீன் சாகும், பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும் என்பதையெல்லாம் எந்த வீடியோவிலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். முதல் வருஷம் அருமையாக ஓடவிட்டு, அப்புறம் தினமும் வேலை வைக்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மீனை அள்ளி விடுவது

இதைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும். இன்றும் எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது. ஏனென்றால் தெரியாமல் செய்கிறவர்களை விட, குஞ்சு விற்கிறவர் சொல்லிச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

பொள்ளாச்சிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொல்லையில் ஆயிரம் லிட்டர் ஐபிசி டேங்க் (கம்பிக் கூண்டுக்குள் இருக்கிற சதுர பிளாஸ்டிக் தொட்டி) ஒன்றும், அதையொட்டி ஜல்லி நிரப்பிய இரண்டு செடித் தொட்டியும் போட்டிருந்தார். "சார், இதுல நூறு குஞ்சு தாராளமா விடலாம்" என்று சொல்லி நூறு திலேப்பியாவைக் கொடுத்துவிட்டுப் போனார் ஒருவர். ஒரு குஞ்சு 10 கிராம் என்றால் நூறும் சேர்ந்து ஒரே ஒரு கிலோ. அவ்வளவு தண்ணீரில் அது இருக்கும் இடமே தெரியாது. இன்னும் ஐம்பது விடலாமே என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும்.

ஆறேழு மாதம் ஒரு குறையும் இல்லை. கீரை தழைத்தது, மீனும் கொழுத்தது. அரைக் கிலோவை எட்டிய சமயத்தில் ஒரு மழை ராத்திரி கரண்ட் போனது. காலையில் எனக்கு போன். "மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுங்க, என்ன மருந்து போடறது?" நான் போய்ச் சேர்ந்தபோது பெரிய மீன்கள் வாயைப் பிளந்து, செவுள் மூடி விரிந்தபடி மிதந்துகொண்டிருந்தன. ஓரத்தில் சின்ன மீன்கள் சில மட்டும் உதட்டைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. பெரியது முதலில் செத்து, சிறியது பிழைத்துக் கிடந்தால் அது நோய் இல்லை, மூச்சுமுட்டல். எந்த மருந்தும் அங்கே வேலைக்கு ஆகாது.

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 7.5 கிராம். திலேப்பியா ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும். தொட்டியில் 50 கிலோ மீன் இருந்தால் மணிக்கு 15 கிராம் வேண்டும். கரண்ட் போன அரை மணி நேரத்தில் இருப்பு காலி. அதே தொட்டியில் 10 கிலோ மீன் இருந்தால் இரண்டரை மணி நேரம் தாங்கும். தண்ணீரின் மேற்பரப்பு வழியாக வருகிற காற்றையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நீங்கள் தூங்கி எழுந்து கவனிக்க நேரம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை மீனின் மொத்த எடைதான் தீர்மானிக்கிறது.

மூச்சு ஒரு பக்கம். தீவனம் இன்னொரு பக்கம். 50 கிலோ மீனுக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதம் என்று போட்டால்கூட தினமும் 750 கிராம் தீவனம். கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014இல் வெளியிட்ட சிறு அளவு அக்வாபோனிக்ஸ் கையேடு தரும் கணக்கு. அப்படியென்றால் 15 சதுர மீட்டர் செடி வேண்டும். ஆசிரியரிடம் இருந்தது இரண்டு சதுர மீட்டர். மிச்சக் கழிவெல்லாம் ஜல்லிக்குள்தான் போய் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் கையை விட்டு அடி ஜல்லியை ஒரு பிடி எடுத்தேன். கறுப்புச் சகதி, அழுகிய முட்டை நாற்றம். கரண்ட் போகாமல் இருந்திருந்தாலும் அடுத்த வருஷத்துக்குள் மொத்த ஜல்லியையும் வெளியே அள்ளிப் போட்டிருப்பார். கொல்லையில் இந்த வேலையை ஒரு தடவை செய்தவர்களில் பலர் மறுபடியும் தொட்டிக்குத் தண்ணீர் விடுவதே இல்லை.

அந்தக் கையேடு ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ மீனை உச்ச வரம்பாகச் சொல்கிறது. கரண்ட் போகிற ஊரில், தினமும் தொட்டியைச் சுற்றி வர நேரமில்லாத வீட்டில், அதில் பாதிதான் என் கணக்கு. ஆயிரம் லிட்டருக்கு 10 கிலோ, அதாவது அரைக் கிலோ மீன் இருபது. குஞ்சு விடும்போதே வளர்ந்த எடையை நினைத்து எண்ணுங்கள். "இருபதா? எதுக்குங்க இவ்வளவு பெரிய தொட்டி?" என்று விற்கிறவர் கேட்பார். கேட்கட்டும்.

வளர்ந்ததைப் பிடிக்காமல் விடுவதும் இதே தவறுதான். குழந்தைகள் பெயர் வைத்துவிடுவார்கள், பிடிக்க மனசு வராது, எடை ஏறிக்கொண்டே போகும். மாதம் இரண்டு மூன்று பெரிய மீனைக் குழம்புக்கு எடுத்துவிடுங்கள். மனசு வராதவர்கள் சாப்பிடுகிற மீன் வகையே வேண்டாம், அழகு மீன் சிலதை விட்டால் போதும். கீரைக்கு அதுவும் உரம்தான்.

ஏர் பம்ப் ஒன்றை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள். மிகக் குறைந்த வாட்தான் இழுக்கும். அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் பம்ப் நின்ற நேரத்தில் டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி ஏறிப் பம்பையே கெடுத்துவிடும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி

வேண்டாம். இந்தியாவில் தடை செய்யப்பட்ட மீன்.

கிடைத்த ஜல்லியைக் கொட்டுவது

கருங்கல் ஜல்லி, முக்கால் இன்ச், தூசு போக நன்றாகக் கழுவியது. ஓர் அடி ஆழம். இது போதும். சுக்கான்கல் கலந்த ஜல்லி மட்டும் வேண்டவே வேண்டாம். பத்துப் பதினைந்து கல்லை ஒரு டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது, லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தெரியாமல் போட்டுவிட்டால் தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் 8க்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நிற்கும். ஜல்லியை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஓடிக்கொண்டிருக்கிற ஜல்லியை எடுத்துக் கழுவாதீர்கள். நல்ல பாக்டீரியா எல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கிறது. ஒரு கைப்பிடி மண்புழுவை விட்டால் கழிவை அது பார்த்துக்கொள்ளும், மீன் அளவாக இருக்கும்வரை.

ஆசிட் ஊற்றி பிஎச் இறக்குவது

போர் தண்ணீர் கடினமாக இருக்கிற ஊர்களில் பிஎச் 8 காட்டுவது சகஜம். மீட்டரைப் பார்த்துப் பயந்து ஆசிட் ஊற்றுவார்கள். அன்று 7க்கு இறங்கும், மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிடும், மறுபடியும் ஊற்றுவார்கள். இந்த ஏற்ற இறக்கம், நிலையான 7.8ஐ விட மீனுக்குக் கெடுதல்.

அதற்காக பிஎச்சைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் மீன் கழிவிலிருந்து வருகிற மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவில் இருக்கும். 8 என்றால் ஆறு சதவீதத்தைத் தாண்டும். ஆனால் பொறுமையாக இருந்தால் பாக்டீரியாவே அதை இறக்கித் தரும். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். மழைத்தண்ணீரும் கலந்து ஊற்றி வந்தால் சில மாதத்தில் 7க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 6.5க்குக் கீழே போக ஆரம்பித்தால், கிளிஞ்சல் ஓட்டை ஒரு வலைப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள்.

வருஷம் முழுக்க போர் தண்ணீரையே ஊற்றுவது

கோடையில் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு குடத்திலும் இன்னும் கொஞ்சம் உப்பு வந்து சேரும். ஒரு கோடையில் இது தெரியாது. திலேப்பியா உப்பை நன்றாகத் தாங்கும் என்பதால் மீனைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது கோடையில் பீன்ஸ் இலை ஓரம் கருகும், ஸ்ட்ராபெரி வராது. தக்காளி மட்டும் சமாளித்து நிற்கும். "என்னமோ இந்த வருஷம் செடி சரியில்லை" என்று விதையை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் 2003லிருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியிலிருந்து இறங்குகிற குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதில் ஒன்றை ஒரு டிரம்முக்குத் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடித் தூசு எல்லாம் அதில் வரும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி மாதம் ஒரு முறை எழுதி வைத்தால் உப்பு ஏறுவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

புதினா

செடித் தொட்டியில் நடாதீர்கள். வேர் வடிகுழாய்க்குள் நுழைந்து கயிறாகத் திரண்டு அடைத்துவிடும்.

பம்பை மீன் தொட்டியின் அடியில் வைப்பது

மேலே ஒரு குழாய் கழன்றால் கடைசிச் சொட்டு வரை வெளியே போய்விடும். செங்கல் அடுக்கி அதன் மேல் உயர்த்தி வையுங்கள், அந்த உயரத்துக்காவது தண்ணீர் நிற்கும்.

எந்த இரும்பு என்று பார்க்காமல் வாங்குவது

மீன் தீவனத்தில் வருகிற இரும்பு செடிக்குப் போதாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. உரக்கடையில் கேட்டால் பெரும்பாலும் இடிடிஏ (EDTA) என்கிற இரும்பு வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பிஎச் 6.5ஐத் தாண்டினால் அது நிலைக்காது, வீண் செலவு. 7, 7.5 வரைக்கும் டிடிபிஏ (DTPA). அதற்கு மேலே இருக்கிற நம் போர் தண்ணீருக்கு இடிடிஎச்ஏ (EDDHA) என்று பாக்கெட்டில் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு வருகிற அளவுக்குக் கரைத்து ஊற்றினால் தண்ணீர் செம்பருத்தித் தேநீர் போலச் சிவக்கும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. சில நாளில் நிறம் வெளுத்துவிடும், புதிதாக வருகிற துளிர் பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலை தேறாது, கிள்ளிப் போட்டுவிடுங்கள்.