பறக்கும் தட்டு வீடியோவை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மாதம் ஒன்றாவது வந்துவிடும். இருட்டு வானம், நடுங்கும் கேமரா, நடுவில் ஒரு வெளிச்சம், பின்னணியில் திகில் இசை, கீழே "நாசா மறைக்கும் உண்மை" என்று ஒரு வரி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாதிப்பேர் "அட ஆமாம்ல" என்பார்கள், மீதிப்பேர் சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போவார்கள். ரெண்டு தரப்புமே வீடியோவைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஒரு செல்போனும் பத்தாம் வகுப்பு முக்கோணவியலும் போதும். வேற்றுகிரகவாசி உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்குள் நாம் போகப்போவதில்லை. இந்த வீடியோவில், இந்த நிமிடத்தில், கேமராவுக்குள் விழுந்த வெளிச்சம் எது என்பது மட்டும்தான் கேள்வி.

முதலில் அந்த வீடியோவின் மூலத்தைத் தேடுங்கள். உங்களுக்கு வந்தது ஐந்தாவது கை, ஆறாவது கை நகல். நாலைந்து இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பழைய பதிவுகள் வரும், அதில் மிகப் பழையதையும் மிக நீளமானதையும் பிடியுங்கள். நீளமானது ஏன் என்றால், பொருள் மேகத்துக்குள் போவதோ, விமான விளக்கு மாதிரி சிமிட்டுவதோ, ஷார்ட்ஸ் போடுகிறவர் வெட்டி எறிந்த பத்து விநாடியில்தான் பெரும்பாலும் இருக்கும். இசையை அணைத்துவிட்டு அசல் சத்தத்தைக் கேளுங்கள். 2007-இல் ஹைட்டி நாட்டில் எடுத்ததாகச் சொல்லி ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது, தென்னை மாதிரி மரங்களுக்கு மேல் இரண்டு கப்பல்கள் உறுமிக்கொண்டு போகும், பிரமாதமாக இருக்கும். உற்றுப் பார்த்தவர்களுக்கு மரங்களே ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருந்தது தெரிந்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஓர் அனிமேஷன் கலைஞர் கம்ப்யூட்டரிலேயே செய்தது அது, பிறகு அவரே ஒப்புக்கொண்டார். 2011 ஜனவரியில் ஜெருசலேமின் பொற்கூரைப் புனிதத் தலத்துக்கு (டோம் ஆஃப் தி ராக்) மேல் ஒளிப்பந்து இறங்கிய வீடியோவில் வேறு தில்லுமுல்லு. கை நடுக்கத்தைச் செயற்கையாகச் சேர்த்ததில் படத்தின் ஓரத்தில் காட்சி கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருந்தது. அதனால் போலி வீடியோவில் பறக்கும் தட்டைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், ஓரங்களையும் மரங்களையும் நிழல்களையும் பாருங்கள். இப்போது ஏஐ வந்த பிறகு இந்த வேலை கஷ்டமாகிவிட்டது என்பது உண்மைதான். எடுத்தவர் யார், எந்த இடம், எந்த நேரம் என்று ஒன்றுமே இல்லாத வீடியோவை நான் இப்போதெல்லாம் ஆராய்வதே இல்லை.

நேரமும் இடமும் கிடைத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. தேதி, மணி, ஊர், கேமரா பார்த்த திசை, இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். திசை தெரியாவிட்டால் பின்னணியில் தெரியும் கட்டடத்தையோ செல்போன் கோபுரத்தையோ கூகுள் மேப்பில் தேடிக் கண்டுபிடிக்கலாம். அப்புறம் ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலியில் அந்த ஊரையும் நேரத்தையும் கொடுங்கள், அந்தத் திசையில் வெள்ளியோ வியாழனோ இருக்கிறதா என்று பாருங்கள். "கிரகத்தைப் பார்த்தா ஏமாறுவாங்க?" என்று கேட்பவர்களுக்கு லடாக் கதையைச் சொல்லலாம். 2012, 2013 வாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் எல்லையில் நின்ற நம் ராணுவத்தினர் வானத்தில் மர்ம வெளிச்சங்களை மாதக்கணக்கில் கவனித்துக் குறித்து வைத்தார்கள், சீன டிரோன் என்று சந்தேகம். பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்து ஆட்களைக் கேட்டபோதுதான் அது வியாழனும் வெள்ளியும் என்று தெரிந்தது. ராணுவத்தினர் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அவ்வளவு உயரத்தில், மாசில்லாத காற்றில், கிரகங்கள் அந்தப் பிரகாசத்தில்தான் தெரியும்.

கிரகம் இல்லையென்றால் விமானம். விமானங்கள் போகும் பாதையைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் பழைய நேரத்துக்குப் போய்ப் பார்க்கும் வசதி உண்டு, ஆனால் சில நாள் கடந்தால் காசு கேட்கும், அதனால் வீடியோ வந்த அன்றே பாருங்கள். ராணுவ விமானங்கள் பல அதில் வராது என்பதையும் மறக்காதீர்கள். வரிசையாக முத்துக் கோத்ததுபோல் வெளிச்சங்கள் ஊர்ந்து போனால் பெரும்பாலும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள்தான். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்கள் போனதிலிருந்து, ஒவ்வொரு ஏவுதலுக்கும் பிறகு சில நாட்கள், சூரியன் மறைந்த பின்னும் விடிவதற்கு முன்னும் இந்த ஊர்வலம் தெரிகிறது. ஹெவன்ஸ் அபவ் தளத்தில் நேரம் போட்டிருப்பார்கள். வானத்தில் சுருள், விசிறி, ஜெல்லி மீன் மாதிரி ஒளிர்ந்தால் ராக்கெட்டையோ ஏவுகணையையோ சந்தேகப்படுங்கள். நார்வேயில் 2009 டிசம்பர் 9 அதிகாலை தெரிந்த அந்தப் பெரிய சுருள், வெண்கடலில் ரஷ்ய நீர்மூழ்கியிலிருந்து கிளம்பிக் கெட்டுப்போன புலாவா ஏவுகணை. 2022 டிசம்பர் 15 மாலை வங்காளத்திலும் ஒடிசாவிலும் மக்கள் படம் எடுத்துத் தள்ளிய வெளிச்சம், அன்று சோதிக்கப்பட்ட அக்னி-5 ஏவுகணை. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருப்பதால் சென்னைக்காரர்கள் இஸ்ரோவின் ஏவுதல் நேரத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

பலூனை யாரும் நினைப்பதில்லை. வானிலை ஆய்வு பலூன்களை உலகம் முழுக்க கிரீன்விச் நேரப்படி ஒரே நேரத்தில் விடுகிறார்கள், நம் கணக்கில் காலை ஐந்தரை, மாலை ஐந்தரை ஒட்டி. மீனம்பாக்கத்திலிருந்தும் போகும். தரையில் இருட்டிய பிறகும் மேலே அதன்மீது வெயில் படுவதால், அசையாத வெள்ளி முத்து மாதிரி நிற்கும். அந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதை விண்டி செயலியில் பார்க்கலாம். பொருள் காற்றோடு போகிறது என்றால் அதில் எஞ்சின் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதெல்லாம் வானத்தில் இருப்பவை. ஆனால் வீடியோவில் தெரியும் வடிவம் பல நேரம் வானத்திலேயே இல்லை, லென்ஸுக்குள் இருக்கிறது. 2019-இல் கலிபோர்னியாவை ஒட்டிய கடலில் யுஎஸ்எஸ் ரஸ்ஸல் என்ற போர்க்கப்பலிலிருந்து எடுத்த பச்சை முக்கோண வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் வெளியே வந்ததும் "பிரமிடு வடிவக் கப்பல்" என்று ஒரே அமளி. ஃபோகஸ் தப்பிய வெளிச்சப் புள்ளி, கேமராவின் துவாரம் எந்த வடிவமோ அந்த வடிவத்தில்தான் பரவித் தெரியும், அங்கே இருந்தது முக்கோணத் துவாரம். அதே காட்சியில் நட்சத்திரங்களும் வியாழனும்கூட முக்கோணமாகவே இருந்ததை மிக் வெஸ்ட் என்பவர் வான வரைபடத்தோடு பொருத்திக் காட்டினார் (வீடியோ கேம் நிரலராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்தத் துறையில் பொறுமைக்குப் பேர்போனவர்). சிமிட்டிக்கொண்டு போன முக்கோணம் விமானம் சிமிட்டும் தாளத்தோடு ஒத்துப்போனது. 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் கடற்படை உளவுத்துறை அதிகாரியே, இரவுப் பார்வைக் கருவி வழியாகக் கேமராவில் எடுத்ததால் வந்த வடிவம் என்று சொல்லிவிட்டார்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரவில் தூரத்துத் தெருவிளக்கை முழு ஜூமில் வைத்து ஃபோகஸை வேண்டுமென்றே கெடுங்கள், நெளியும் விளிம்போடு ஒரு வட்டத் தட்டு கிடைக்கும். "ஜூம் பண்ணினதும் உருவம் மாறுது பாருங்க" என்று வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த ரகம். அடுத்து லென்ஸ் பிரதிபலிப்பு. காட்சியில் பலமான விளக்கு ஒன்று இருந்து, படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் மர்ம வெளிச்சம் இருந்தால், அதுவும் விளக்கு மேலே போகும்போது இது கீழே வந்தால், முடிந்தது கதை. விமான ஜன்னல், கார் கண்ணாடி, வீட்டு ஜன்னல் வழியாக எடுத்ததா என்றும் கேளுங்கள், உள்ளே எரியும் டியூப்லைட் வானத்தில் மிதப்பது சகஜம். ஒரே ஒரு ஃப்ரேமில் நீளக் கோடாகப் பாய்வது கேமராவுக்கு அருகில் பறந்த ஈயோ பறவையோதான் என்று எடுத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். தூரம் தெரியாமல் அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. "மின்னல் வேகத்தில் போச்சு", "ஃபுட்பால் மைதானம் அளவு இருந்தது" என்று யார் சொன்னாலும், எவ்வளவு தூரத்தில் என்று திருப்பிக் கேளுங்கள். கண்ணுக்கு முன் ஒரு அடியில் பறக்கும் கொசுவும் பத்து கிலோமீட்டரில் போகும் ஜெட்டும் திரையில் ஒரே பிக்சல்கள்.

இதற்குச் சரியான பாடம் 2015-இல் அமெரிக்கக் கடற்படையின் போர் விமானம் எடுத்த, பென்டகன் 2020 ஏப்ரலில் அதிகாரபூர்வமாக வெளியிட்ட 'கோ ஃபாஸ்ட்' வீடியோ. கடல் அலைகளை ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி சீறிப் பாய்கிறது, பைலட்டுகள் உற்சாகத்தில் கத்துகிறார்கள். திரையின் ஓரத்தில் எண்கள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. விமானம் 25,000 அடி உயரத்தில் இருக்கிறது. கேமரா அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டபோது கிடைமட்டத்துக்கு 26 டிகிரி கீழே பார்க்கிறது. பொருளின் தூரம் 4.4 கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட 26,700 அடி. சைன் 26 என்பது 0.438. பெருக்கினால் சுமார் 11,700 அடி. விமானத்துக்கு இவ்வளவு கீழே பொருள் இருக்கிறது, ஆக அதன் உயரம் சுமார் 13,000 அடி. அலையை ஒட்டிப் போகிறது என்ற பேச்சு இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிட்டது. சீறிப் பாய்ந்ததுபோல் தெரிந்தது, வேகமாகப் போன விமானத்திலிருந்து பார்த்ததால். ரயில் ஜன்னலில் பக்கத்து மரங்கள் பின்னால் ஓடுகிற அதே சமாச்சாரம். நாசா அமைத்த குழு 2023 செப்டம்பர் அறிக்கையில் திரையில் இருந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, சராசரி வேகம் மணிக்கு 40 மைல்தான், அந்த உயரத்துக் காற்றின் வேகமே அவ்வளவு இருக்கும் என்று எழுதியது. அது பலூனா பறவையா என்று சொல்ல முடியாது, ஆனால் அற்புத வேகம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

தூரத்தைத் தப்பாக நினைத்தால் தேடலே தப்பான இடத்தில் நடக்கும் என்பதற்குச் சிலி நாட்டு வீடியோ. 2014 நவம்பர் 11 அன்று சிலி கடற்படை ஹெலிகாப்டர் அகச்சிவப்புக் கேமராவில் ஒரு கருப்புப் புள்ளியைப் பிடித்தது, அது இரண்டு தடவை எதையோ கக்கியது. ராடாரில் தெரியவில்லை. அந்த நாட்டின் அரசுக் குழு இரண்டு வருடம் ஆராய்ந்துவிட்டு, அடையாளம் காண முடியவில்லை என்று 2017 ஜனவரியில் வெளியிட்டது. இணையத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் விமானப் பாதைப் பதிவுகளை எடுத்து வைத்துச் சில நாட்களில் முடித்துவிட்டார்கள்: சாண்டியாகோவிலிருந்து மாட்ரிட் கிளம்பிய ஐபீரியா விமானம், பின்னால் விட்டுப்போன புகைத்தடம். ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் நினைத்ததைவிட அது வெகு தூரத்தில், வெகு உயரத்தில் இருந்தது. ராடார்காரர்கள் பொய் சொல்லவில்லை, பக்கத்தில் தேடச் சொன்னதால் பக்கத்தில் தேடினார்கள்.

பின்னணியில் மலை இருந்தால் தூரத்துக்கு ஒரு துப்பு கிடைக்கும். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 1997 மார்ச் 13 இரவு பத்து மணி வாக்கில் எடுத்த வீடியோக்களில் விளக்குகள் வரிசையாக நின்று ஒவ்வொன்றாக அணையும். பகலில் அதே இடத்திலிருந்து எடுத்த படத்தை மேலே பொருத்தியபோது, ஒவ்வொரு விளக்கும் எஸ்ட்ரெல்லா மலை முகட்டைத் தொடும் இடத்தில்தான் மறைகிறது என்று தெரிந்தது. மலைக்கு அந்தப்புறம் ராணுவப் பயிற்சியில் பாராசூட்டில் இறங்கிய ஒளிக்குண்டுகள் அவை. நகரத்துக்கு மேலே எதுவும் நிற்கவில்லை.

"பயிற்சி பெற்ற பைலட்டுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் பைலட்டை ஆராயவில்லை, வீடியோவை ஆராய்கிறோம். 'கோ ஃபாஸ்ட்' போலவே அமெரிக்கக் கடற்படை விமானம் எடுத்த 'கிம்பல்' வீடியோவில் தட்டு மாதிரி ஒன்று காற்றில் சாய்ந்து சுழலும், அதைத் தூரத்து விமானத்தின் எஞ்சின் வெப்பம் கேமராவில் ஏற்படுத்திய ஒளிக்கூச்சம் (கிளேர்) என்கிறார் வெஸ்ட், கேமரா கருவி உள்ளே திரும்பும்போது ஒளிக்கூச்சமும் சேர்ந்து திரும்புகிறது என்பது அவர் வாதம். அந்தப் படையில் இருந்த பைலட்டுகள் சிலர், ராடாரில் வேறு பொருட்களும் தெரிந்தன என்று சொல்லி இதை ஏற்கவில்லை. எனக்கு வெஸ்ட் சொல்வதுதான் பொருந்துவதாகப் படுகிறது, ஆனால் அந்த ராடார் பதிவு பொதுவில் இல்லாதவரை சண்டை ஓயாது. 2023 நவம்பரில் இம்பால் விமான நிலையத்துக்கு மேல் எதையோ பார்த்ததாகச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்தினார்களே, ரஃபேல்கள் போய்த் தேடியும் ஒன்றும் சிக்கவில்லையே, அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். இப்படிப்பட்டவற்றுக்குத் "தகவல் போதாது" என்று எழுதி வையுங்கள், அதற்குமேல் அதில் எதையும் ஏற்றாதீர்கள்.

நீங்களே ஒருநாள் எதையாவது பார்த்து எடுக்க நேர்ந்தால் ஜூம் பண்ணாதீர்கள். மொட்டைமாடிக் கைப்பிடியோ மின்கம்பமோ ஃப்ரேமில் இருக்கும்படி வையுங்கள், சுவரில் சாய்ந்துகொண்டு குறைந்தது ஒரு நிமிடம் எடுங்கள். பிறகு கேமராவை மெல்லச் சுற்றித் தெருவையும் நிலவையும் பதிவு செய்யுங்கள். எந்தத் திசை, என்ன மணி என்று வாயால் சொல்லி வையுங்கள். பக்கத்துத் தெருவில் நண்பர் இருந்தால் உடனே போன் போட்டு அங்கிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு இடத்திலிருந்து எடுத்த படம் இருந்தால் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். யாருக்காவது அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், வீடியோவாகப் போனால் அது சுருக்கிவிடும், பிக்சல் போய்விடும்.