பொது ஃபோல்டர் இடம் மாறாமல் இருக்க: பெர்மிஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஃபோல்டரையே காணோம்" என்று அழைப்பு வந்தால், பெரும்பாலும் யாரும் அதை அழித்திருக்க மாட்டார்கள். மவுஸை அழுத்தியபடி கை சற்று நகர்ந்திருக்கும். ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் போயிருக்கும். விண்டோஸ் சர்வரில் பெர்மிஷன் மூலம், அதாவது யார் எதைச் செய்யலாம் என்ற உரிமைகள் மூலம், இதைத் தடுக்க வழி இருக்கிறது. ஆனால் புதிதாக அட்மின் வேலைக்கு வருபவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளில்தான் விழுகிறார்கள். பேக்கப் எடுப்பது போன்ற எல்லாருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

டெலீட்டுக்கு அடிவரை 'டினை' (மறுப்பு) போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். யோசனை என்னவோ சரி: ஒரே டிரைவுக்குள் ஃபோல்டரை நகர்த்த அதன்மேல் டெலீட் உரிமை வேண்டும், அதைப் பிடுங்கினால் நகராது. ஆனால் எல்லாப் பயனர்களையும் குறிக்கும் 'எவ்ரிஒன்' குழுவுக்கு டினை போட்டு, அது உட்ஃபோல்டர்கள், ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் இறங்குவதைக் கவனிக்காமல் ஓகே கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு அலுவலகத்தில் இப்படித்தான் நடந்தது. மறுநாள் காலையில் வேர்ட் ஃபைல்களைச் சேமிக்க முடியவில்லை. வேர்ட் முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பிறகு அதைப் பழைய ஃபைலின் இடத்தில் வைக்கும். டெலீட் உரிமை இல்லாவிட்டால் அது பாதியில் நின்றுவிடும். ஃபோல்டர் முழுக்கத் தற்காலிக ஃபைல்கள் குவிந்தன. டினை போட்ட இளம் அட்மின் பதறிப்போய், கீழே உள்ள எல்லா பெர்மிஷன்களையும் மாற்றி எழுதும் பெட்டியை டிக் செய்தார். டினை போனது. கூடவே, சம்பள விவர ஃபோல்டருக்கென்று தனியாக வைத்திருந்த கட்டுப்பாடும் போய்விட்டது. சேமிப்புச் சிக்கலை அன்றே சரிசெய்யலாம். யார் எதைத் திறந்து பார்த்தார்கள் என்பதை எப்படித் திருப்புவது?

டினையே வேண்டாம். துறை ஃபோல்டரின் பெர்மிஷன் அமைப்பில் உள்ள அட்வான்ஸ்டு பகுதியில், மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கி வரும் மாடிஃபையை (படிக்க, மாற்ற, நீக்க உரிமை) நிறுத்திவிட்டு, அந்தத் துறையின் குழுவுக்கு இரண்டு 'அலோ' (அனுமதி) வரிகள் போடுங்கள். முதலாவது 'இந்த ஃபோல்டர் மட்டும்': படிக்கலாம், புதிய ஃபைலும் ஃபோல்டரும் உருவாக்கலாம், டெலீட் கிடையாது. இரண்டாவது 'உட்ஃபோல்டர்கள், ஃபைல்கள் மட்டும்': மாடிஃபை. மேல் ஃபோல்டர் அசையாது, உள்ளே வேலை வழக்கம்போல் நடக்கும். உட்ஃபோல்டர் எதுவும் நகரக்கூடாதென்றால் அதற்கும் தனியாக இதையே செய்ய வேண்டும்.

தாய் ஃபோல்டரை மறப்பது

மேலே உள்ள ஃபோல்டரில் பயனருக்கு ஃபுல் கண்ட்ரோல் (முழு உரிமை) இருந்தால், உட்ஃபோல்டரையும் ஃபைலையும் நீக்கும் உரிமையும் அதில் சேர்ந்தே வரும். அப்புறம் கீழே எவ்வளவு பூட்டினாலும் பயனில்லை. அங்கே படிக்கும் உரிமை மட்டும் போதும்.

ஷேர் பெர்மிஷனை நம்புவது

ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும்போது கொடுக்கும் உரிமை அது; பகிர்ந்த ஷேர் முழுவதற்கும் பொது. ஒரு ஃபோல்டரை மட்டும் பூட்டாது.

அட்மின் கணக்கில் சோதிப்பது

கூடாது. சாதாரணப் பயனராக நுழைந்து இழுத்துப் பாருங்கள். ஃபோல்டர் நின்றால் போதாது, உள்ளே இருந்த ஃபைல்களும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சம்பவத்துக்குப் பிறகு ஆடிட்டிங்கை இயக்குவது

யார் என்ன செய்தார் என்று சர்வர் குறித்து வைப்பதுதான் ஆடிட்டிங். யார் நகர்த்தினார் என்று அந்தப் பதிவேட்டில் 4663 எண் நிகழ்வில் தேடலாம். ஆடிட்டிங் முன்பே இயங்கியிருந்தால்தான் அது பதிவாகும்.

இழுக்கும் தூரத்தை அப்படியே விடுவது

மவுஸ் 4 பிக்சல் நகர்ந்தாலே விண்டோஸ் அதை இழுப்பாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் டிராக்ஹைட், டிராக்விட்த் இரண்டு மதிப்புகளையும் கூட்டிவிடுங்கள். பயனர் மறுபடி லாகின் செய்ததும் நடைமுறைக்கு வரும்.