கத்தோலிக்கத் திருமண அழைப்பிதழுக்கு வாசகம் எழுதுவது எப்படி?

திருமண அழைப்பிதழ் எழுத உட்கார்ந்ததும் யாராவது ஒரு பழைய கார்டைத் தேடி எடுத்து வந்து, “பெயரை மட்டும் மாத்தினா போதும்” என்பார்கள். என் தங்கையின் கல்யாணத்துக்கு நாங்களும் அப்படித்தான் செய்தோம். அந்தக் கார்டில் இருந்த ‘திருமணத் திருப்பலி’ (திருமணப் பூசை) எங்கள் கார்டிலும் அப்படியே வந்துவிட்டது. மாப்பிள்ளை திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர். நடக்கவிருந்ததோ திருப்பலி இல்லாத திருமண வழிபாடு. ப்ரூஃபை வாசித்த பங்குத்தந்தை (எங்கள் ஆலயத்தின் பொறுப்புக் குரு) ஒன்றும் சொல்லாமல் பென்சிலால் அந்த ஒரு சொல்லைச் சுழித்துக் கையில் கொடுத்தார். அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பீடத்தின் முன் என்ன நடக்கப்போகிறதோ, அதைத்தான் கார்டு சொல்ல வேண்டும். அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகு.

படி 1: அச்சகத்துக்கு முன் பங்கு அலுவலகம்

நாள், நேரம், ஆலயம் மூன்றையும் பங்கில் உறுதி செய்யாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். புனித வெள்ளியிலும் புனித சனியிலும் திருமணம் நடத்துவதில்லை. தவக்காலத்தில் தடை கிடையாது; ஆனால் அந்தக் காலத்தின் எளிமையை ஒட்டி நடத்தச் சொல்வார்கள். ஓலை வாசிப்பது (திருமண அறிவிப்பை ஆலயத்தில் வாசிப்பது), திருமணத் தயாரிப்பு வகுப்பு, வேறு பங்கில் நடந்தால் அதற்கான கடிதம் எல்லாவற்றுக்கும் நாள் வேண்டும். இவை முடியும் முன் கார்டு அடித்துவிட்டு, பிறகு தேதி மாறித் தவிக்கிற குடும்பங்கள் உண்டு.

யார் தலைமையேற்கிறார் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: திருப்பலியா, வழிபாடா?

வாசகம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. இருவரும் கத்தோலிக்கர் என்றால் வழக்கமாகத் திருப்பலிக்குள்தான் திருமணம். ‘திருமணத் திருப்பலி’ என்றே எழுதலாம். ஆனால் தலைமையேற்பவர் திருத்தொண்டர் (டீக்கன்) மட்டுமே என்றால் அது திருப்பலியாக இருக்க முடியாது; திருத்தொண்டர் திருப்பலி நிறைவேற்றுவதில்லை. அப்போது ‘திருமண வழிபாடு’.

ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் வேறு சபையில் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர் என்றால், பொதுவாகத் திருப்பலி இல்லாத வழிபாடுதான். திருப்பலியோடு நடத்த ஆயரின் (பிஷப்பின்) இசைவு வேண்டும். ஒருவர் திருமுழுக்கே பெறாதவர் என்றால் திருப்பலி இராது. இங்கே இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். திருமுழுக்குப் பெற்ற இருவருக்கு இடையிலான திருமணமே திருவருட்சாதனம், அதாவது இறையருளைத் தரும் புனித அடையாளம். அதனால் ‘திருமணம் என்னும் திருவருட்சாதனத்தை’ என்ற வரியை இந்தக் கார்டில் போடக்கூடாது. ஆயரின் விதிவிலக்கு பெற்று ஆலயத்தில் நடக்கும் அந்தத் திருமணம் திருச்சபை முழுமையாக ஏற்கும் உண்மையான திருமணம்தான். ‘திருமணம்’ என்று எழுதினால் ஒரு குறையும் இல்லை. என் தங்கையின் கார்டில் கடைசியில் நாங்கள் போட்டதும் அதைத்தான்.

படி 3: தலைப்பும் இறைவசனமும்

மேலே ஒரு சிலுவை, அல்லது நம் பெரியவர்கள் எழுதும் ‘இயேசு மரி சூசை’, அல்லது ‘இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க’. ஒன்று போதும்.

வசனத்தை எடுக்கும்போது எந்த மொழிபெயர்ப்பு என்று பாருங்கள். கத்தோலிக்க வழிபாட்டில் நாம் கேட்பது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் தொடக்கநூல், திருப்பாடல்கள், ஆண்டவர். இணையத்தில் தேடி ஒட்டினால் பெரும்பாலும் ஆதியாகமம், சங்கீதம், கர்த்தர் என்றுதான் கிடைக்கும். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒரே கார்டில் இரண்டும் கலந்தால் கண்ணை உறுத்தும். மறு வீட்டார் அந்தப் பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர்கள் என்றால், இரண்டிலும் ஏறக்குறைய ஒத்து வரும் வசனத்தை இரு வீட்டாரும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கலாம்.

எல்லோரும் போடுவது 1 கொரிந்தியர் 13. பவுல் அதைத் திருமணத்துக்காக எழுதவில்லை, பிளந்து கிடந்த ஒரு சபைக்கு எழுதினார். அதனாலேயே குடும்பத்துக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பேன். சற்று வேறாக வேண்டுமென்றால் தோபித்து நூலின் 8ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திருமண இரவில் தோபியாவும் சாராவும் எழுந்து, இருவரும் சேர்ந்து முதுமை காண வேண்டும் என்று மன்றாடுகிற இடம் அது. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள நூல். கார்டில் பார்ப்பது அரிது.

படி 4: அழைப்பது யார்?

பெற்றோர் அழைக்கலாம், இரு வீட்டாரும் சேர்ந்து அழைக்கலாம், மணமக்களே அழைக்கலாம். மறைந்த தந்தையின் பெயரை ‘அழைக்கிறோம்’ என்பதன் கீழ் போடாமல், மணமகனின் பெயரை ஒட்டி ‘இறைவனில் இளைப்பாறும் திரு. … அவர்களின் மகன்’ என்று எழுதுங்கள். அழைப்பவர் தாய் மட்டுமே என்றால், ‘அழைக்கிறோம்’ என்பதை ‘அழைக்கிறேன்’ என்று மாற்ற மறந்துவிடுவார்கள்.

மணமக்களின் பெயரைத் திருமுழுக்குச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். வீட்டுப் பெயரும் வேண்டுமென்றால் பக்கத்திலேயே சேர்க்கலாம்.

படி 5: நடு வாக்கியம்

‘அருள்தந்தை … திருமணத்தை நடத்தி வைக்கிறார்’ என்று பல கார்டுகளில் வருகிறது. வழக்கில் உள்ளதுதான், யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் இலத்தீன் திருச்சபையின் புரிதலில், மணமகனும் மணமகளும் தங்கள் சம்மதத்தைச் சொல்லி, இந்தத் திருவருட்சாதனத்தை ஒருவருக்கு ஒருவர் வழங்குகிறார்கள். குரு திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார். கூடவே இரண்டு சாட்சிகள் நிற்கிறார்கள். (சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளில் குருவின் ஆசி இன்றியமையாதது. அந்த வழிபாட்டு முறையில் நடக்கும் திருமணம் என்றால் உங்கள் குருவிடமே வாசகம் கேளுங்கள்.) ஆகவே வினைச்சொல்லை மணமக்களுக்குக் கொடுங்கள், குருவுக்குத் ‘தலைமையில்’ போதும். எழுதிப் பார்த்தால் இப்படி வரும்:

“இறைவனின் பேரருளால், எங்கள் அன்பு மகன் அந்தோணியும், திரு. … திருமதி. … ஆகியோரின் அன்பு மகள் ரோஸியும், … அன்று காலை … மணிக்கு, … ஆலயத்தில், அருள்தந்தை … அவர்கள் தலைமையில் நிறைவேற்றப்படும் திருமணத் திருப்பலியில், இறைவன் திருமுன் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறார்கள். தாங்கள் குடும்பத்துடன் வந்து, திருப்பலியில் பங்கேற்று, மணமக்களுக்காக மன்றாடி வாழ்த்த அன்புடன் அழைக்கிறோம்.”

திருப்பலி இல்லையென்றால் ‘தலைமையில் நடைபெறும் திருமண வழிபாட்டில்’ என்று மாற்றுங்கள். கடைசி வரியில் ‘வழிபாட்டில் பங்கேற்று’ என்றும் மாற வேண்டும். இந்த இரண்டாவது இடத்தைத்தான் தவறவிடுவார்கள். ‘மன்றாடி’ என்ற சொல்லை எப்படியும் விட்டுவிடாதீர்கள். வருகிறவர்களை நாம் வேண்டுதலுக்கும் சேர்த்துத்தான் அழைக்கிறோம்.

படி 6: மற்ற விவரங்கள்

திருப்பலி தொடங்கும் நேரத்தைத்தான் போட வேண்டும். வரவேற்பு வேறு இடத்தில் என்றால் தனிப் பத்தியில். நற்கருணை பெறுவது பற்றிய குறிப்பைக் கார்டில் போட வேண்டாம் என்பது என் கருத்து. விருந்தினரை அழைக்கும் தாளில் அது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். திருப்பலிக் கையேட்டில் கனிவாக ஒரு வரி சேர்த்தால் போதும்.

குருக்களின் பெயருக்கு முன் ‘அருள்தந்தை’, ‘அருட்பணி’ இரண்டில் ஒன்றை மட்டும் கார்டு முழுக்கப் பயன்படுத்துங்கள். துறவற சபைக் குரு என்றால் பெயருக்குப் பின் வரும் சபைச் சுருக்கத்தை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

படி 7: ப்ரூஃப் பார்ப்பது

அச்சகங்களில் தயாராக ஒரு மாதிரி இருக்கும். அதில் ‘சுபயோக சுபதினத்தில்’, ‘சுபமுகூர்த்தத்தில்’, மேலே மூலையில் ஒரு ‘உ’ ஆகியவை ஒட்டிக்கொண்டே வரும். அவை இன்னொரு மரபுக்கு உரியவை. மரியாதையாக எடுத்துவிடச் சொல்லுங்கள். பிறகு தேதியையும் கிழமையையும் நாட்காட்டியில் ஒப்பிடுங்கள். ஆலயத்தின் பெயரைப் பலகையில் உள்ளபடி சரிபாருங்கள். ‘அன்னை ஆலயம்’ என்று சுருக்கினால், புதிதாக வருபவர் வேறு ஆலயத்தில் போய் நிற்பார்.

எல்லாம் சரியென்று தோன்றியதும் வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர் கண்ணால் தொடரட்டும். பிறகு அந்த ஒரு தாளைப் பங்குத்தந்தையிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், கூடவே ஒரு பென்சிலும்.