ஹாஸ்கல் கத்துக்கறவங்களுக்கு: எங்க கேக்கறது, எப்படி கேக்கறது

பைத்தான், ஜாவானு சில வருஷம் எழுதிட்டு ஹாஸ்கல்ங்கற ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் பக்கம் வர்றவங்க முதல் வாரமே எங்கயாவது முட்டி நிப்பாங்க, நானும் நின்னேன். பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல, ஒரு லிஸ்ட்ல இருக்கற நம்பருக்கு சராசரி கண்டுபிடிக்கணும், அவ்ளோதான். ஸம் எடுத்து லெங்த்தால வகுத்தா முடிஞ்சுது இல்லையா. என்டர் தட்டினா "இன்ட்டுக்கு ஃப்ராக்ஷனல் இன்ஸ்டன்ஸ் கிடையாது"ங்கற மாதிரி ஒரு எரர். அஞ்சாம் கிளாஸ் கணக்கு கூட போடத் தெரியாத லாங்குவேஜானு லேப்டாப்பை மூடிட்டு தூங்கப் போயிட்டேன்.

மறுநாள் ஹாஸ்கல்காரங்க டைப் பண்ணி பேசிக்கற ஐஆர்சி சேட் சேனல்ல போய் "டிவிஷன் வேலை செய்யல, ஹெல்ப் பண்ணுங்க"னு கேட்டேன். கோடு எங்க, எரர் எங்கனு திருப்பி கேட்டாங்க. ரெண்டையும் அப்படியே பேஸ்ட் பண்ணதும்தான் பதில் வந்துது. லெங்த் குடுக்கறது இன்ட் (முழு எண்), ஒத்தை ஸ்லாஷ் போட்டு வகுக்கறது ஃப்ராக்ஷனல் (பின்னம் வர்ற எண்) டைப்புக்கு மட்டும்தான், மத்த லாங்குவேஜ் மாதிரி இது சத்தமில்லாம மாத்திக்காது, நீங்களே ஃப்ரம்இன்டெக்ரல் போட்டு மாத்தணும். எனக்கு இதுல எரர் முழுசா இருந்ததுதான் மேட்டர், அது இல்லாம யாராலயும் உதவ முடியாது.

இன்ஸ்டால் பண்ண ஜிஎச்சிஅப் எடுத்துக்கோங்க, ஜிஎச்சிங்கற கம்பைலர், பேக்கேஜ் எடுத்து பில்டு பண்ற கபால் எல்லாம் அதுலயே வரும். புதுசா வந்த வெர்ஷன்னு ஆசைப்படாம ரெகமண்டட்னு குறி போட்டிருக்கறதையே எடுங்க, இல்லன்னா எடிட்டர் சப்போர்ட் ஒத்துக்காம அதுலயே ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும்.

கேள்வி கேக்கப் போறதுக்கு முன்னாடி கம்பைலர் கிட்டயே கேக்கறதுக்கு ஒரு வழி இருக்கு, இதை யாரும் முதல்லயே சொல்லித் தர்றதில்லங்கறது என் வருத்தம். என்ன எழுதறதுனு தெரியாத இடத்துல வெறும் அண்டர்ஸ்கோர் போட்டுட்டு கம்பைல் பண்ணுங்க. அந்த சராசரி கோட்லயே, ஃபங்ஷனுக்கு டபுள் (தசம எண்) லிஸ்ட் வாங்கி டபுள் குடுக்கும்னு டைப் எழுதிட்டு லெங்த்துக்கு முன்னாடி அண்டர்ஸ்கோர் வச்சா, இங்க இன்ட் வாங்கி டபுள் குடுக்கற ஏதோ ஒண்ணு வேணும்னு அதுவே சொல்லிடும், பொருந்தற ஃபங்ஷன் சிலதையும் கீழ காட்டும். இதுக்கு டைப்டு ஹோல்னு பேரு. இன்னொண்ணு ஹூகுள்ங்கற தேடற சைட், இதுல ஃபங்ஷன் பேர் தெரியாட்டியும் டைப்பை வச்சு தேடலாம், "ஏ-ல இருந்து பூல், அப்புறம் ஏ லிஸ்ட், வெளிய ஏ லிஸ்ட்"னு அடிச்சா ஃபில்டர் வந்து நிக்கும்.

அதுக்கப்புறமும் சிக்கினா தாராளமா கேளுங்க. ஆனா "ஒரு டவுட் கேக்கலாமா"னு போட்டுட்டு காத்திருக்காதீங்க, யாரும் ம்னு கூட சொல்ல மாட்டாங்க. 200 லைன் ஃபைலை தூக்கி போடாம, அதே எரர் வர்ற அளவுக்கு மட்டும் கோடை வெட்டி பத்து லைனுக்குள்ள கொண்டு வாங்க (பாதி நேரம் வெட்டும்போதே தப்பு தெரிஞ்சுடும், கேள்வியே தேவைப்படாது), ஃபங்ஷனோட டைப்பை மேல எழுதுங்க, என்ன எதிர்பார்த்தீங்க என்ன வந்துதுனு சொல்லுங்க, முக்கியமா கடைசில என்ன செய்யப் போறீங்கங்கறதையும் சொல்லுங்க, ஏன்னா நீங்க சுத்தி வளைச்சு போற வழியில ஒரு முள்ளை எடுக்க உதவி கேட்டுட்டு இருப்பீங்க, பக்கத்துலயே நேர் ரோடு இருக்கும். அப்புறம் நேரம். ஐரோப்பாவுல இருந்து நிறைய பேர் வர்றதால நம்ம சாயந்திரமும் ராத்திரியும் நல்லா நடமாட்டம் இருக்கும், காலைல கேட்டுட்டு பத்து நிமிஷத்துல கிளம்பிடாதீங்க.

பதில் வர்றதுலயும் ஒரு கஷ்டம் இருக்கு. முதல் ஆள் நேரா பதில் சொல்வாரு, ரெண்டாவது ஆள் இதை ஃபோல்டுல (லிஸ்ட்டை சுருக்கி ஒரே மதிப்பாக்கற ஃபங்ஷன்) ஒரே லைன்ல எழுதலாம்பாரு, மூணாவது ஆள் இது ஏதோ ஒரு பெரிய விஷயத்தோட சின்ன வடிவம்னு ஆரம்பிச்சு, அரை மணி நேரத்துல நீங்க அங்க இருக்கறதையே மறந்துட்டு அவங்களுக்குள்ள பேசிட்டு இருப்பாங்க. கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல, ஆசைதான். நீங்க முதல் பதிலை எடுத்துட்டு ஓட வச்சு பாருங்க, மத்ததை எங்கயாவது குறிச்சு வச்சுக்கோங்க, ரெண்டு மாசம் கழிச்சு படிச்சா புரியும். ஒரு கணக்கோட முடிவை அடுத்ததுக்கு குடுத்து கோத்து எழுதற முறையான மோனாடும் அப்படித்தான். அது டப்பா மாதிரி, பார்சல் மாதிரினு ஆளுக்கொரு உதாரணம் சொல்வாங்க, எனக்கு ஒண்ணும் ஏறல. மேபி (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்), ஈதர் (ரெண்டுல ஏதோ ஒண்ணு, வழக்கமா பதில் இல்லன்னா எரர்) டைப் வச்சு நாலு ப்ரோக்ராம் எழுதி, ஒவ்வொண்ணையும் பிரிச்சு பாக்க கேஸுக்குள்ள கேஸுக்குள்ள கேஸ்னு போய் கை வலிச்சப்பதான் ஓ இதுக்குத்தானானு தோணுச்சு.

பயிற்சிக்கு எக்ஸர்சிசம்ங்கற வெப்சைட் இருக்கு, ஹாஸ்கல் ட்ராக்ல காசு இல்லாமலே வாலண்டியர் மென்ட்டர் உங்க கோடை பாத்து கமெண்ட் போடுவாங்க. டெஸ்ட் பாஸ் ஆனதும் அடுத்ததுக்கு தாவாம ரிவ்யூவுக்கு அனுப்புங்க.

கடைசியா, பழைய டுடோரியல் விஷயம். ஃப்ரீநோட்ங்கற ஐஆர்சி நெட்வொர்க்ல சேரச் சொல்லி இருந்தா அது பழசு, சேனல் 2021லயே லிபெராங்கற நெட்வொர்க்குக்கு மாறிடுச்சு. அதே மாதிரி 2015க்கு முந்தின டுடோரியல்ல இருந்து நீங்களே மோனாட் எழுதற கோடை காப்பி பண்ணா அப்ளிகேடிவ் இல்லனு எரர் வரும், ஏன்னா அந்த வருஷம் வந்த ஜிஎச்சி 7.10ல இருந்து மோனாடுக்கு அடித்தளமான ஃபங்க்டர், அப்ளிகேடிவ் இன்ஸ்டன்ஸ் ரெண்டும் எழுதினாத்தான் மோனாட் எழுத விடும். நான் இது தெரியாம என் கோடுதான் தப்புனு ஒரு ராத்திரி முழுக்க உருட்டிட்டு இருந்தேன், நீங்க பக்கத்தோட தேதியை பாத்துட்டு ஆரம்பிங்க.