கடைக் கணக்கில் இரண்டு தடவை ஏறிய கடன்

ஹட்டனில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பாதி வியாபாரம் தோட்டத்து ஆட்களோடுதான். மாதம் முழுக்கக் கடன் கொப்பி, பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் தீர்ப்பார்கள். நாணயமான மனிதர்கள்.

மார்ச் 31 வரைக்குமான கணக்கைக் கூட்டியபோது திக்கென்றது. வாங்கிய சரக்குக்கு அவ்வளவு விற்றிருக்கவே முடியாது. அப்படியே வரி விபரத்திரட்டில் போட்டிருந்தால் வராத இலாபத்துக்கு வரி கட்டியிருப்பேன்.

இரண்டு இரவு கொப்பியைப் புரட்டினேன். ஒரு அக்கா பெப்ரவரியில் வாங்கிய மாவும் சீனியும் 2,350 ரூபாய், அன்றைக்கே விற்பனையில் எழுதியிருக்கிறேன். மார்ச் பத்தில் அவர் காசு தந்ததும் அதே 2,350 மறுபடியும் விற்பனையில்! பக்கத்துக்குப் பக்கம் இதே கதை.

இப்போது மூன்று கோடு போட்டிருக்கிறேன்: கைக்காசு விற்பனை, கடன் விற்பனை, பழைய கடன் வரவு. முதல் இரண்டும்தான் விற்பனை. மூன்றாவது லாச்சிக் காசைச் சரிபார்க்க மட்டும்.

கொழும்பிலிருந்து தம்பி அனுப்பும் பணமும் கடைக் கணக்கிலேயே விழுந்துகொண்டிருந்தது. அதற்கு வேறு வங்கிக் கணக்கு திறந்தேன். 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் வரியாக வங்கியிலேயே பிடிக்கிறார்கள், அந்தச் சான்றிதழ்களையும் இப்போது ஒரே ஃபைலில் வைக்கிறேன். விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 வரை நேரம் உண்டு. நான் ஏப்ரல் மாதமே கொப்பியை மூடிவிடுகிறேன், கடன்காரர் முகமெல்லாம் நினைவிலிருக்கும்போதே.